எச்டி 650-க்குப் பிறகு எது? உயர்விலை ஹெட்ஃபோன்களின் ஒலிக்குணம் பற்றி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் சென்ஹைசர் எச்டி 650 இருக்கிறது, அதற்கு ஏற்ற டாக்-ஆம்பும் (டிஜிட்டல் இசையை மின்னலையாக்கி வலுவூட்டித் தரும் கருவி) இருக்கிறது. அதிகம் கேட்பது கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களும். இப்போது சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஆடிஸி எல்சிடி-எக்ஸ், ஃபோகல் கிளியர், ஹைஃபைமேன் ஆர்யா ஆகிய நான்கில் ஒன்றை வாங்கி "அடுத்த படிக்கு" ஏற நினைக்கிறீர்கள். நான்கின் ஒலிக்குணமும் எப்படி வேறுபடுகிறது, எது உங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

அந்த "அடுத்த படி" என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த நான்கும் எச்டி 650-க்கு மேலே இல்லை. பக்கத்தில், ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. பாடகரின் குரல் இயல்பாகக் கேட்க வேண்டும் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், இவற்றில் மூன்று உங்கள் 650-இடம் தோற்கும் என்பதே என் தீர்ப்பு. மேடையின் (ஒலி நம்மைச் சுற்றிப் பரவித் தோன்றும் வெளியின்) அகலம், அடி பேஸின் (தாழ்ந்த அதிர்வெண்களின்) ஆழம், நுண்விவரம் என்று வேறு அளவுகோல்களை எடுத்தால் 650 தோற்கும். பணம் கொடுத்து வாங்குவது எந்தப் பக்கம் நகர்வது என்பதைத்தான்.

ஒரு ஹெட்ஃபோனின் குணத்தைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலானோர் பேஸில் தொடங்குவார்கள். பேஸ் எளிது. கூடவா குறைவா என்பது இரண்டே நிமிடத்தில் பிடிபட்டுவிடும், பிடிக்காவிட்டால் ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியில்) சரிசெய்துவிடலாம். குணம் உண்மையில் குடியிருப்பது 1 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 9 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், அங்கே எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மேடு என்று தெரிந்தால் அந்த ஹெட்ஃபோனைப் பற்றி விமர்சனங்களில் வரும் உரிச்சொற்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

ஏன் அந்தப் பகுதி? நம் காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. அப்படிப்பட்ட குழாய் 3 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு கொள்ளும். காது மடலும் சேர்ந்துகொள்ள, எதிரே வைத்த ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி செவிப்பறையைத் தொடும்போது அந்த அதிர்வெண்களில் 10 டெசிபலுக்கு மேல் உயர்ந்திருக்கும். பிறந்தது முதல் இந்த உயர்வோடுதான் கேட்கிறோம், ஆகவே மூளைக்கு அதுவே இயல்பு. ஹெட்ஃபோன் காதை மூடிக்கொண்டு ஒலியைப் பக்கவாட்டில், மிக அருகிலிருந்து ஊட்டுகிறது. அதனால் அந்த உயர்வை எவ்வளவு தர வேண்டும், எந்த அதிர்வெண்ணில் தர வேண்டும் என்று வடிவமைப்பவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. செவிப்பறையில் அளந்தால் நேர்கோடாக வரும் ஹெட்ஃபோனைச் செய்து போட்டுக்கொண்டால், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மங்கிப்போய்க் கேட்கும்.

ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோரின் குழு 2012-ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைச் சோதித்தது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதுபோல் ஹெட்ஃபோனும் ஒலிக்க வேண்டுமானால் அதன் வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கிடைத்த விடைதான் இன்று எல்லோரும் பேசும் ஹார்மன் டார்கெட்: 3 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் தூக்கிய பேஸ். சோதனையில் கேட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது அப்படியே பிடித்தது. மீதிப்பேரில் சிலர் பேஸைக் கூட்டச் சொன்னார்கள், சிலர் குறைக்கச் சொன்னார்கள். இதே ஆய்வுகளில் வந்த இன்னொரு முடிவைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்: விலைக்கும் கேட்பவர் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை.

எனவே ஒவ்வொரு ஹெட்ஃபோனையும் அந்த மேட்டை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்போம். உங்களுடையதிலிருந்தே தொடங்கலாம்.

எச்டி 600 வந்தது 1997-இல், எச்டி 650 வந்தது 2003-இல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இவற்றையே வைத்துக்கொள்வதற்குக் காரணம் அந்த 1 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் பகுதி. அங்கே பெரிய பள்ளமும் இல்லை, கத்தும் மேடும் இல்லை. பாடகர் தொண்டையைத் திறந்து தார ஸ்தாயியில் கார்வை பிடிக்கும்போது குரல் குரலாகவே இருக்கும். வயலினும் அப்படித்தான், வில் உரசுவது கேட்கும், காதைக் கீறாது. 600 மேல் மிட்ஸில் (நடு அதிர்வெண்களின் மேற்பகுதியில்) ஒரு சுற்று முன்னால் வரும். 650 அதைக் கொஞ்சம் தணித்து, 100 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பேஸைக் கொஞ்சம் தடிப்பாக்கும். "சென்ஹைசர் திரை" என்று பழைய ஆட்கள் குறை சொன்னது இந்தத் தணிவைத்தான். அக்காலத்துப் பிரகாசமான ஹெட்ஃபோன்களுக்குப் பழகிய காதுகளின் புகார் அது என்று நினைக்கிறேன்.

650-இன் உண்மையான குறைகள் இரண்டு. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துவிடும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ்; அதன் அடிச்சுரம் மெலிந்து, மேல்சுரங்கள்தான் வேலையைச் செய்யும். இன்னொன்று மேடை. இடது காதருகே ஒரு கொத்து, வலது காதருகே ஒரு கொத்து, நெற்றிக்குள் ஒரு கொத்து என்று மூன்று இடங்களில் ஒலி கூடி நிற்கும். பக்கவாத்தியங்களுக்கிடையே இடைவெளி தெரியாது.

இந்த இரண்டாவது குறை உங்களை உறுத்துகிறதென்றால் எச்டி 800 எஸ் பக்கம் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

2009-இல் வந்த மூல எச்டி 800-இல் சென்ஹைசர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. அதிர்ந்து ஒலி எழுப்பும் வழக்கமான குவிமாடச் சவ்வுக்குப் பதில் நடுவில் துளையிட்ட வளைய வடிவச் சவ்வு, 56 மில்லிமீட்டர் விட்டம். அதைக் காதின் நேர் எதிரே வைக்காமல் முன்பக்கம் தள்ளி, சாய்த்து, காதிலிருந்து நல்ல தூரத்தில் பொருத்தினார்கள். கோப்பையின் உள்ளளவும் மிகப் பெரிது, காதின் எந்தப் பகுதியும் எதன்மீதும் படாது. ஒலி முன்பக்கத்திலிருந்து காது மடலில் பட்டு உள்ளே நுழைவதால், மூளை அதை ஓரளவுக்கு வெளியிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண டைனமிக் (கம்பிச்சுருள் சவ்வை அசைக்கும் வழக்கமான வகை) ஹெட்ஃபோன்களில் இதன் மேடை அகலத்தை நெருங்குபவை இன்றும் குறைவு.

ஆனால் அந்த அகலத்தில் ஒரு பங்கு, அதிர்வெண்களை ஏற்றி இறக்கிய டியூனிங்கின் கைவரிசை. 2, 3 கிலோ ஹெர்ட்ஸ் பகுதி சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் குரல் ஓரடி பின்னால் போய் உட்காரும். 6 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையான மேடு இருக்கும். மூல மாதிரியில் அது பலருக்குத் தாங்கவில்லை. ரசிகர்கள் உள்ளே ஃபெல்ட் துணியை ஒட்டி அடக்கிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் வந்த 800 எஸ்ஸில் சென்ஹைசரே வளையத்தின் நடுவில் ஓர் ஒலி உறிஞ்சியைப் பொருத்தி அந்த மேட்டைக் குறைத்தது. குறைந்ததே தவிர மறையவில்லை. பேஸ் 650-ஐவிட இறுக்கம், ஆனால் அளவில் தாராளம் இல்லை.

கச்சேரிப் பதிவில் இது என்ன செய்யும்? தம்புராவின் ஜீவாரி, அதாவது அதன் ரீங்காரம், முழுக்க மேல்சுரங்களின் விளையாட்டு. அது 800 எஸ்ஸில் அறை முழுக்கப் பரவி நிற்கும், 650-இல் பின்னணியில் கரைந்துபோயிருந்த தம்புராவை இழை இழையாகப் பிரித்துக் கேட்கலாம். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு எங்கே விழுந்தது என்று விரல் நீட்டிக் காட்டலாம். சபையில் நேரடியாகப் பதிவானதென்றால் கூடத்தின் எதிரொலியும், முன்வரிசையில் தாளம் போடுபவரின் தொடைத் தட்டலும்கூடக் கேட்கும். மறுபுறம், சாகித்யத்தில் "ச", "ஸ" வரும் இடங்களிலெல்லாம் நுனி கூராகும். மைக்கை வாயோடு ஒட்டிப் பாடிய பதிவுகளில் இது தொல்லை. எண்பதுகளின் திரைப்பாடல்களைக் கேசட் வழியாகவோ, அவசரத்தில் சிடியாக மாற்றிய பிரதிகளாகவோ வைத்திருந்தால் டேப்பின் இரைச்சலும் குரலின் உரசலும் பாட்டைவிட முன்னால் வந்து நிற்கும். 2016-இல் அமெரிக்காவில் 1,699 டாலருக்கு வந்த கருவி இது. அந்த விலைக்கு வாங்கிவிட்டு, நாற்பது ஆண்டுகளாக நேசித்த பாட்டை இரண்டாவது நிமிடம் நிறுத்த நேர்ந்தால் மனம் கசக்கும்.

இனி எல்சிடி-எக்ஸ். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆடிஸி 2013-இல் வெளியிட்ட பிளானர் மேக்னெடிக் (காந்தங்களுக்கு அருகே தட்டையான சவ்வு முழுதும் அதிரும் வகை) மாதிரி, 106 மில்லிமீட்டர் சவ்வு. பேஸ் 20 ஹெர்ட்ஸ் வரை சமதளமாக இறங்கும், சிதைவும் மிகக் குறைவு. பழைய பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதை முதன்முறையாகக் கேட்பவருக்கு அது பெரிய விருந்து. கர்நாடக இசையில் மிருதங்கத்தின் தொப்பியும் கடத்தின் வயிற்று ஒலியும் உடம்பு பெற்று எழும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: பழைய நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" ஒலி ஒட்டிக்கொண்டிருக்கும். 650 அதைச் சரித்து மறைத்துவிடும், எல்சிடி-எக்ஸ் விசுவாசமாக எடுத்துக் காட்டும்.

ஆனால் 3 கிலோ ஹெர்ட்ஸ் மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஆடிஸி பள்ளம் விட்டிருக்கிறது. அந்த வீட்டின் அடையாளமே இதுதான். எல்சிடி-2, எல்சிடி-3 என்று அண்ணன்மாரிடமும் இருந்தது, 2021-இல் எல்சிடி-எக்ஸைத் திருத்தி வெளியிட்டபோதும் முழுதாகப் போகவில்லை. பெண் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், வயலினின் வில் முனை மழுங்கும், நாகஸ்வரம் தன் வீரியத்தில் பாதியை இழக்கும். முதல் பத்து நிமிடம் இது "மென்மை", "சோர்வில்லாத ஒலி" என்று தோன்றும். அடுத்த நாள் 650-ஐ மாட்டினால் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். ஈக்யூவில் 3, 4 கிலோ ஹெர்ட்ஸை அகலமாக நாலைந்து டெசிபல் தூக்கிவிட்டால் எல்சிடி-எக்ஸ் வேறு பிறவி எடுக்கும். சிதைவு குறைவாக இருப்பதால் எவ்வளவு திருத்தினாலும் தாங்கும். ஆடிஸியே இதற்கென ஒரு பிளக்-இன் வெளியிட்டிருக்கிறது. ஈக்யூ போட மாட்டேன் என்று சங்கல்பம் வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டாம்.

எடையையும் சொல்லாமல் விடக்கூடாது. எல்சிடி-எக்ஸ் 612 கிராம். உங்கள் 650 சுமார் 260, 800 எஸ் 330, கிளியர் 450. ராகம் தானம் பல்லவி ஒன்றை முழுதாகக் கேட்கிற ஆளுக்கு இந்த எண் வரைபடத்தைவிட முக்கியம்.

ஆர்யா, ஹைஃபைமேனின் முட்டை வடிவ பிளானர் குடும்பத்தில் நடுப்பிள்ளை. பேஸ் எல்சிடி-எக்ஸைப் போலவே கீழே வரை சமமாகப் போகும். இங்கே பள்ளம் சற்று முன்னதாக, 1, 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. அதற்கு மேலே ட்ரெபிள் (உயர்ந்த அதிர்வெண்கள்) தாராளம். இந்தச் சேர்க்கையில்தான் அதன் "உயரமான மேடை" பிறக்கிறது: குரல் பின்வாங்கும், சுற்றியுள்ள காற்று மினுங்கும். ஜாஸ் டிரம்ஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் பரமசுகம். ஆலாபனையில் குரல் மட்டும் இருக்கும்போது அதன் நெஞ்சு கொஞ்சம் காலியாகத் தெரியும். 2021-இல் வந்த ஸ்டெல்த் பதிப்பு முந்தியதைவிட இன்னும் முன்னால் வந்து பேசும். இந்த நான்கில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான், ஆனால் கேட்டவர்கள் பலர் இதையே எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

ஃபோகல் கிளியர் பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரத்தில் ஸ்பீக்கர் செய்து வளர்ந்த நிறுவனத்தின் பிள்ளை. 2017-இல் வந்தது. 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), அலுமினியம்-மக்னீசியத்தாலான எம் வடிவக் குவிமாடம். குரல் பகுதியில் இந்த நான்கில் 650-க்கு மிக நெருங்கிய உறவு இதுவே: பள்ளம் இல்லை, குரல் முன்னால், தெளிவாக. அதோடு 650-இடம் இல்லாத ஒன்று இதில் உண்டு. தட்டும் வாத்தியங்களின் அடி. மிருதங்கக்காரர் தனியில் இறங்கினால் ஒவ்வொரு தீர்மானமும் கன்னத்தில் விழும். மேல் ட்ரெபிளில், 10 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம், ஓர் உலோக மினுக்கு உண்டு. சிலர் அதை விவரம் என்பார்கள், எனக்கு ஜால்ரா ஒலி கொஞ்சம் கூடப் பளபளப்பதாகத் தோன்றும். மேடை 650-ஐவிட அதிகம் அகலம் கிடையாது. அகலம் தேடி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். 2021-இல் மக்னீசியக் குவிமாடத்தோடு வந்த கிளியர் எம்ஜி கொஞ்சம் வெதுவெதுப்பானது, மினுக்கும் குறைவு. பழைய கிளியரைச் செகண்ட் ஹேண்டில் தேடுவதா புதியதை வாங்குவதா என்பது பெரும்பாலும் கிடைக்கிற விலையைப் பொறுத்தது.

இவற்றுக்கு மேலே உள்ள மாடியையும் எட்டிப் பார்த்துவிடலாம், ஆசை எப்படியும் அங்கே போகும். 2016-இல் 3,999 டாலருக்கு வந்த ஃபோகல் யுடோப்பியாவின் குவிமாடம் பெரிலியம். கிளியரின் குணமே, இன்னும் நுணுக்கமான கையோடு. 2017-இல் 6,000 டாலருக்கு வந்த ஹைஃபைமேன் சுஸ்வரா, ஆர்யா குடும்பத்தின் ட்ரெபிள் முரட்டுத்தனம் அடங்கிய மூத்தவர். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லிருந்து எலக்ட்ரோஸ்டாடிக் (நிலைமின் விசையால் சவ்வு அசையும் வகை) ஹெட்ஃபோன் விற்கிறது. சில மைக்ரான் தடிமனுள்ள சவ்வு, அதற்கு எப்போதும் இருக்க வேண்டிய 580 வோல்ட் பயாஸ் மின்னழுத்தம், சாதாரண ஆம்பில் மாட்டவே முடியாது, எனர்ஜைசர் என்ற தனி ஆம்ப் வேண்டும். எஸ்ஆர்-009 எஸ்ஸில் வீணைத் தந்தியின் மீட்டு முடிந்து நாதம் ஓய்கிற கடைசி இழைவரை கூடவே போகலாம். தொப்பியின் அடி மட்டும் அதில் படமாகத் தெரியுமே தவிர உடம்பில் படாது.

இங்கே டிரைவர் வகை பற்றி ஒரு வார்த்தை. "பிளானர் என்றால் வேகம், எலக்ட்ரோஸ்டாடிக் என்றால் இன்னும் வேகம்" என்று படித்திருப்பீர்கள். ஹெட்ஃபோன்கள் பெரும்பாலும் பொறியாளர்கள் 'மினிமம் ஃபேஸ்' (minimum phase) என்று சொல்லும் அமைப்புகளாகவே நடந்துகொள்கின்றன. அதாவது, அதிர்வெண் வரைபடத்தைச் சொன்னாலே, ஒலி எழுந்து அடங்கும் நேரமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒலி அடங்குவதைக் காட்ட நீர்வீழ்ச்சி வரைபடம் என்று தனியே போடுவதில் புதிதாக அதிகம் இல்லை. பிளானரின் பேஸ் "வேகமாக" இருப்பதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணங்கள், 650-இல் உள்ள 100 ஹெர்ட்ஸுக்கு மேலான வீக்கம் அதில் இல்லாததும், அடியில் சிதைவு குறைவாக இருப்பதும். அடுப்பு எதுவானாலும் குழம்பின் ருசி கைப்பக்குவத்தில் என்பதுபோல, ஒலிக்குணம் பெரும்பாலும் டியூனிங்கில். டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த் என்ற மாதிரி (ஆர்யாவின் ஸ்டெல்த் பதிப்பு வேறு), 2021-இல் வந்தது, பிளானர்தான், அதுவும் மூடிய வகை. அதன் குணம் ஆடிஸிக்கும் ஹைஃபைமேனுக்கும் அருகில் இல்லை, ஹார்மன் டார்கெட்டுக்கு அருகில் இருக்கிறது. ட்ரெபிளைச் சமப்படுத்தச் சவ்வுக்கும் காதுக்கும் நடுவே மெட்டாமெட்டீரியல் என்ற நுண்குழல் தட்டு ஒன்றை வைத்தார்கள்.

வரைபடங்களை நம்பலாமா என்றால், 100 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோ ஹெர்ட்ஸ் வரை தாராளமாக நம்பலாம். அதற்குக் கீழே, காதைச் சுற்றி அழுந்தும் பேட் தோலோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பது வந்து கலக்கும். கண்ணாடி போட்டவருக்கு எல்சிடி-எக்ஸின் பேஸ், வரைபடம் காட்டுவதைவிடக் குறையும். 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே அளவுக் கருவியின் காது வேறு, உங்கள் காது வேறு. ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் கூர்மை என்பதும் இன்னொருவர் மந்தம் என்பதும் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் நடக்கிறது, இரண்டு பேருமே உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம். உங்கள் காதுக்கு மேடு எங்கே என்று தெரிந்துகொள்ள, 4 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 12 கிலோ ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஒலி (ஒற்றை அதிர்வெண் மட்டுமுள்ள தூய ஒலி) ஒன்றைத் தாழ்ந்த வால்யூமில் ஓட்டுங்கள். திடீரென்று எங்கே குத்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈக்யூவுக்கும் அதுவே தொடக்கம்.

கடையில் ஒப்பிடும்போது செய்ய வேண்டியதில் முதலாவது சத்தத்தைச் சமப்படுத்துவது. ஒரே ஆம்பில் ஒரே குமிழ் நிலையில் நான்கையும் மாற்றி மாற்றி மாட்டினால், எது சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே "விவரம் அதிகம்" என்று தோன்றும். சத்தம் கூடினால் பேஸும் ட்ரெபிளும் நம் காதுக்கு விகிதத்தை மீறிக் கூடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, காதுக்கு இரண்டும் ஒரே அளவு என்று தோன்றும்வரை குமிழைத் திருகிவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள். உங்கள் 650-ஐயும் கையோடு எடுத்துப் போங்கள். நேற்று வீட்டில் கேட்ட ஒலியின் நினைவோடு இன்று கடையில் கேட்பதை ஒப்பிடுவது வீண் வேலை. பாட்டும் நூறு தடவை கேட்டதாக இருக்கட்டும், கடைக்காரர் போடும் டெமோ டிராக் எதிலும் நன்றாகத்தான் இருக்கும்.

பர்ன்-இன், அதாவது பல மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மேம்படும் என்பது பற்றி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மாறுவது பெரும்பாலும் கேட்பவரின் பழக்கமும் பேட்டின் தடிப்பும். கேபிளும் அப்படியே, நீளமும் கனமும் சௌகரியமாக இருந்தால் போதும்.

ஆம்ப் விஷயத்தில் இரண்டு கணக்குகள் போதும். 650-க்கு 1 வோல்ட்டில் 103 டெசிபல் என்று கணக்கு. 110 டெசிபல் உச்சத்துக்கு 2.2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும், 300 ஓமில் அது 17 மில்லிவாட்கூட ஆகாது. எல்சிடி-எக்ஸ் 20 ஓம், 1 மில்லிவாட்டில் 103 டெசிபல். அதே உச்சத்துக்கு 5 மில்லிவாட், ஃபோனில் செருகும் ஒரு நல்ல டாங்கிளே போதும். சுஸ்வரா 1 மில்லிவாட்டில் 83 டெசிபல்தான், அதே உச்சத்துக்கு அரை வாட் கேட்கும். ஆகவே "உயர்விலை ஹெட்ஃபோன் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும்" என்பது சுஸ்வராவுக்குச் சரி, எல்சிடி-எக்ஸுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை, ஓமில் சொல்வது). வெற்றிடக் குழாயில் இயங்கும் குழாய் ஆம்ப் ஆசை இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 650-இன் இம்பீடன்ஸ் பெயருக்கு 300 ஓம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் சமீபத்தில் 500 வரை ஏறும். 120 ஓம் வெளியீட்டுள்ள ஆம்பில் மாட்டினால் அந்த இடம் மட்டும் சுமார் 1 டெசிபல் தூக்கும். "குழாய் ஆம்பின் வெதுவெதுப்பு" என்று 650-காரர்கள் சொல்வதில் ஒரு பங்கு இந்தக் கணக்குத்தான். கிளியர் 55 ஓம்தான், பேஸில் அதுவும் பல மடங்கு ஏறும். அதே ஆம்பில் வீக்கம் இன்னும் பெரிதாகி, இறுக்கம் போய்க் கொழகொழவென்று ஆகிவிடும். பிளானர்களின் இம்பீடன்ஸ் ஒரே கோடு. எந்த ஆம்பிலும் அவற்றின் குணம் மாறாது, சத்தம்தான் குறையும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குரல்தான் முதல் என்றால் கிளியர் அல்லது கிளியர் எம்ஜி, வேறு பேச்சில்லை. ஆனால் 650-ஐ விற்றுவிட்டு வாங்கும் அளவுக்கு அது தூரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கச்சேரிப் பதிவுகளில் கூடத்தையும் தம்புராவையும் பக்கவாத்தியங்களின் இடத்தையும் கேட்க வேண்டும், திரைப்பாடலுக்கு 650 இருக்கவே இருக்கிறது என்றால் 800 எஸ். இரண்டும் வீட்டில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் இல்லாததை நிரப்பும். 6 கிலோ ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் குறைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று நான்கு கூட்டிக்கொண்டால் அதைத் திரைப்பாடலுக்கும் பயன்படுத்தலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். எல்சிடி-எக்ஸ், ஈக்யூ போடும் பொறுமையும் கழுத்து பலமும் உள்ளவருக்கு. எண்பதுகளின் பாடல்களில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் பதிவாகியிருக்காது என்பதால், அதன் பெரிய பலத்தில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் செலவு செய்யுங்கள். உங்கள் 650-இன் பேட் வாங்கியதிலிருந்து மாற்றாததென்றால் அமுங்கிப் பாதி தடிப்பாகியிருக்கும், காது டிரைவரை நெருங்கியிருக்கும், அந்த 1 முதல் 9 கிலோ ஹெர்ட்ஸ் சமநிலையும் நகர்ந்திருக்கும். புது பேட் போட்டு, ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நான்கு டெசிபல் தூக்கி, ஒரு மாதம் கேளுங்கள். கடையில் மற்ற நான்கோடு ஒப்பிட வேண்டியது அந்த 650-ஐத்தான்.